புதிய இசைத்தட்டில் இரைச்சல்: கடைகள் மாற்றித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புத்தம்புதிய எல்.பி. இசைத்தட்டு சடசடக்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனால், "தட்டு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்தப் பதில் பாதிதான் சரி. சில சத்தம் கழுவினால் போய்விடும். சில சத்தம் ஆலையிலிருந்து தட்டோடு வந்தது. என்ன செய்தாலும் போகாது.

இடம் மாறி மாறிப் பொரியும் சத்தம் தூசியாலும் நிலைமின்னாலும் வருவது. கடதாசி உறையிலிருந்து உருவும்போது வைனில் (தட்டு செய்யப்படும் பிளாஸ்டிக்) மின்னேற்றம் பெற்றுத் தூசியையும் கடதாசி நாரையும் இழுத்துக்கொள்ளும். கொழும்பின் ஈரக்காற்றில் இது குறைவு. பூட்டிய ஏசி அறையில் கூடும். தட்டைத் தூக்கும்போது கீழே விரித்த கம்பளித் துணியும் ஒட்டிக்கொண்டு எழும்பினால் காரணம் இதுதான். கார்பன் நார் தூரிகையைச் சுழலும் தட்டில் இரண்டு மூன்று சுற்றுப் பிடித்து, பொலித்தீன் உள்ளுறைக்கு மாற்றினால் போதும்.

அதற்கும் அடங்காவிட்டால் கழுவ வேண்டும். காய்ச்சி வடித்த நீர் 800 மி.லீ., சுத்தமான ஐசோபுரோப்பைல் அற்ககோல் 200 மி.லீ., வாசனையற்ற பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி. பாமசியில் 70 சதவீத அற்ககோல்தான் கிடைக்குமென்றால் 285 மி.லீ. எடுத்து, நீரை 715 மி.லீ. ஆக்கிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் அதன் உப்பு, ஊசி ஓடும் நுண்ணிய பள்ளமான தவாளிப்பிலேயே தங்கிவிடும். லேபலை நனைக்காமல், மென்மையான துணியால் தவாளிப்பின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் வடித்த நீரால் இன்னொரு தடவை. பலர் இந்த இரண்டாம் தடவையை விட்டுவிடுகிறார்கள். எஞ்சிய சவர்க்காரம் ஊசியில் பசையாகத் திரண்டு புதிய இரைச்சலைக் கொண்டுவரும். நிழலில் நிமிர்த்தி உலர விடுங்கள். வீட்டிலுள்ள பழைய 78 சுற்றுத் தட்டுகளில் இந்தக் கலவை படவே கூடாது. அவை அரக்கால் ஆனவை, அற்ககோலில் கரைந்துவிடும்.

இனி ஆலைக் குறை. துணி கிழிபடுவதுபோன்ற சத்தம், அநேகமாக ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கேட்டால், உருகிய வைனில் தவாளிப்பை முழுமையாக நிரப்பவில்லை என்று பொருள். அச்சின் சூடு போதாமலோ, அச்சு நேரத்துக்கு முன் திறக்கப்பட்டோ இது நேர்கிறது. மேசை விளக்கின் கீழ் சரித்துப் பார்த்தால் அந்த இடம் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதுண்டு. 33⅓ சுற்றுத் தட்டில் 1.8 செக்கனுக்கு ஒரு தடவை "டிக்" என்றால் ஒரு கீறலோ புடைப்போ அடுத்தடுத்த தவாளிப்புகளில் இருக்கிறது. ஊசிக்கை இடமும் வலமும் ஆடி, நீண்ட சுரங்கள் அலைந்தால் நடுத்துளை விலகியிருக்கிறது. பாரமான தட்டு என்று காட்ட 180 கிராம் என அட்டையில் அச்சிட்டிருப்பது இவை எதற்கும் காப்பு அல்ல. படம் பதித்த தட்டுகள் மட்டும் விலக்கு: படத்தின் மேலுள்ள மெல்லிய படலத்தில் தவாளிப்பு இருப்பதால் அவை இயல்பாகவே இரைச்சல் கூடியவை.

முறையிடுமுன் வாங்கியவரும் தன் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஊசி முனையைப் பின்னிருந்து முன்னாகத் துடைத்து, ஊசி தட்டில் அழுத்தும் பாரத்தைத் தராசில் பாருங்கள். ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜின் வகையைப் பொறுத்து அது மாறும்: ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ-க்கு 2 கிராம். பாரத்தைக் குறைத்தால் தட்டுத் தேயாது என்று நம்பிக் குறைப்பது பெரும் பிழை. ஊசி தவாளிப்பில் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். இடைவிடாத உறுமல் என்றால் பூமிக் கம்பியைப் பாருங்கள், தட்டில் குற்றமில்லை.

இத்தனைக்குப் பிறகும் அதே இடத்தில் அதே சத்தம் என்றால் கடை மாற்றித் தருவதே நியாயம். இரண்டு தடவை ஓட்டிய ஒலிப்பதிவைச் சான்றாக ஏற்கலாம். இறக்குமதித் தட்டுகளை விற்கும் கடைகள் ஒரு நல்ல பிளேயரை வைத்து, காசு வாங்குமுன் இரு பக்கத்தையும் கேட்க விடலாம். முடியாவிட்டால் ஏழு நாள் தவணையாவது தரலாம். மாற்றும்போது லேபலுக்கு வெளியே வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். குறை அச்சுத் தகட்டிலேயே இருந்தால், அதே தகட்டில் வார்த்த மற்றத் தட்டிலும் அது இருக்கும். அப்போது வேறு பதிப்பையோ பணத்தையோ கேட்க வேண்டும்.

இசைத்தட்டு ஆர்வலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.