வீட்டில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: பெற்றோருக்குக் கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோர்களுக்கு வணக்கம்.

2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தங்கள் மூத்த பிள்ளைகள் பெற்ற கணினிகள், மிகவும் மெதுவாக இயங்குவதால் பல வீடுகளில் பீரோவின் மேல் கிடப்பதாக வகுப்பாசிரியர்கள் வழியாக அறிகிறேன். லினக்ஸ் நிறுவினால் அவற்றில் பல இன்னும் நன்றாக உழைக்கக்கூடியவை என்பதால், தயவுசெய்து பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். யூனிக்ஸ் என்ற பழைய இயக்க மென்பொருளின் முறையைப் பின்பற்றி, 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸைக் காசு கொடுக்காமல், சட்டப்படியே எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் வகையும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணினி ஆய்வகத்தில், 2 ஜிபி ராமும் (தற்காலிக நினைவகம்) வன்வட்டில் 20 ஜிபி இடமும் இருந்தாலே இயங்கும் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான லினக்ஸ் பதிப்பை முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுவோம். வைஃபை, ஒலி, விசைப்பலகை எல்லாம் சரியாக வேலை செய்வதைப் பிள்ளை பார்த்த பிறகே கணினியின் வன்வட்டில் நிறுவுவோம். நிறுவும்போது பழைய கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், திருமணப் படங்கள், சான்றிதழ் நகல்கள் முதலியவற்றை முன்கூட்டியே வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். தக்காளி மண்டி, கடைக் கணக்குக்காக டேலி ஓடும் கணினியை மட்டும் அனுப்ப வேண்டாம். அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்.

முதல் சில நாட்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) கடவுச்சொல்லைத் தட்டும்போது அதன் எழுத்துகள் திரையில் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பயப்படாமல், முழுவதும் தட்டி என்டர் அழுத்தினால் போதும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயரிட்ட கோப்பை டெர்மினலில் சிறிய எழுத்தில் அழைத்தால் கிடைக்காது. இத்தகைய நுணுக்கங்களைத் தாமே கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கணினி அறிவியல் பாடம் கைக்குள் வந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆகவே, ஏதாவது நின்றுபோனாலும் திட்டாமல், திரையில் வந்த செய்தியை அப்படியே நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். மறுநாள் ஆசிரியர் உடனிருந்து சரிசெய்வார்.

விருப்பமுள்ளோர் இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் கையொப்பமிட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் தந்துவிடுங்கள். பேட்டரி போன கணினிகளும் வரும் என்பதால், சார்ஜரையும் மறவாமல் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்