புரொபேட் கட்டாயம் நீங்கியது, கேட்பது நிற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிலுக்கு புரொபேட், அதாவது அது உண்மையான உயில்தான் என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியாக வேண்டும் என்று சொன்ன இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 213-ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சென்னையில் வீடு வாசல் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கும் தெரியாது போலிருக்கிறது.

அந்தப் பிரிவு இருந்தவரை சென்னை, மும்பை, கொல்கத்தா உயர் நீதிமன்றங்களின் நேரடி எல்லைக்குள் ஓர் இந்து உயில் எழுதினாலோ, அங்குள்ள வீடு, மனையைப் பற்றி எழுதினாலோ, அதை உயர் நீதிமன்றத்தில் நிரூபித்து புரொபேட் வாங்கியாக வேண்டும். பௌத்தர், சீக்கியர், சமணருக்கும் இதே விதிதான். இஸ்லாமியருக்கு இது கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் விலக்கு கொடுத்தார்கள். மயிலாப்பூரில் வீடு என்றால் கோர்ட் படியேற வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே தாம்பரத்தில் வீடு இருந்து, உயிலும் அங்கேயே எழுதியிருந்தால் வேண்டாம். ஒரே சட்டத்துக்குள் இத்தனை பாகுபாடு.

எங்கள் அப்பாவின் வீடு திருவல்லிக்கேணியில். உயிலைத் தன் கைப்பட எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்திருந்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்பிக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகளுக்குள் சண்டை எதுவும் இல்லை. அப்படியும் மனு, அசல் உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து விவரமும் மதிப்பும், மற்ற வாரிசுகளின் சம்மதப் பிரமாணம், பத்திரிகை அறிவிப்பு என்று வரிசையாக நீண்டது. இதில் முக்கியமானது சாட்சியின் பிரமாணப் பத்திரம். உயிலில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் அப்பாவின் அலுவலக நண்பர் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். இன்னொருவர் எங்கள் கீழ்வீட்டில் குடியிருந்தவர். அப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருந்தார்.

உயிலின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் போனோம். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என் கையெழுத்துதாம்மா. அன்னைக்கு அப்பா பேனா எழுதலை. என் பேனாவைத்தான் வாங்கிப் போட்டார்" என்றார். எங்களுக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றோ, அது தன் கையெழுத்து என்று அவரே தன்னிடம் சொன்னார் என்றோ சாட்சி சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். அவரும் இல்லாமல் போயிருந்தால், அந்தக் கையெழுத்துகளை அடையாளம் சொல்லக்கூடியவர்களைத் தேடி அலைந்திருப்போம். குடும்பத்தில் ஒருவர் ஆட்சேபம் சொல்லியிருந்தால் மனுவே வழக்காக மாறி, குறுக்கு விசாரணை வரைக்கும் போயிருக்கும்.

சரி, அது பழைய சட்டம். இப்போது என் கவலை எங்கள் எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி. அவர் கணவர் சட்டம் மாறிய பிறகு காலமானவர். உயில் முறையாகப் பதிவாகியிருக்கிறது, பிள்ளைகளும் சம்மதம் என்கிறார்கள். ஆனால் பெயர் மாற்றத்துக்குப் போன இடத்தில் "புரொபேட் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் பல வருடமாகத் தன் மேஜையில் இருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்கிறார். மாற வேண்டியது அந்தப் பட்டியல். பத்திரப்பதிவுத் துறை, மாநகராட்சி, வங்கிகள், வீட்டுவசதி சங்கங்கள் எல்லாம் தங்கள் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, என்னென்ன ஆவணம் போதும் என்பதைத் தமிழில் எழுதிக் கவுன்ட்டரிலேயே ஒட்ட வேண்டும்.

கட்டாயம் போனதால் உயிலை நிரூபிக்கவே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நாளை ஒருவர் ஆட்சேபித்தால் சிவில் கோர்ட்டில் அதே சாட்சியைத்தான் கூப்பிடுவார்கள். தகராறு வரும் என்று தெரிந்தால் விருப்பப்பட்டு புரொபேட் வாங்கிவிடுவது இப்போதும் நல்லதுதான், அந்த வழி மூடப்படவில்லை. அதனால் உயில் எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களைவிட வயதில் சின்னவர்களைச் சாட்சியாக வையுங்கள், சொத்து பெறப் போகிறவரை வைக்காதீர்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

நாமினி போட்டாகிவிட்டது, உயில் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. பொதுவாக நாமினி பணத்தைக் கையில் வாங்கும் ஆள், அவ்வளவுதான். பணம் வாரிசுகளுக்குச் சேர வேண்டியது என்று ஆயுள் காப்பீட்டு பாலிசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று 2015-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. வயதான அந்தத் தாயின் பங்கை எத்தனை வீடுகளில் யாரும் பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை! மகன் போன துக்கத்தோடு, கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவரின் உரிமை அது.

வங்கிக் கணக்குகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் தெளிவான விதிகளை வெளியிட்டது. ஆவணங்கள் முழுதாகக் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், தங்கள் தரப்பில் தாமதம் என்றால் ஈடும் தர வேண்டும். இதே மாதிரி ஒரு கெடு வீட்டின் பெயர் மாற்றத்துக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தங்கள் நிருபர் ஒருவர் பதிவுத் துறையிடமும் மாநகராட்சியிடமும் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன். எதிர்வீட்டு அம்மா அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே கவுன்ட்டருக்குப் போகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவல்லிக்கேணி, சென்னை-5