மிச்சம் இருக்கும் கால் கிணறு

இந்தியச் சட்ட ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2015 ஆகஸ்டில், நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் இருந்த உங்கள் ஆணையம் 262ஆம் அறிக்கையைக் கொடுத்தது. தூக்குத் தண்டனையை ஒழித்துவிடலாம், பயங்கரவாத வழக்குகளுக்கும் நாட்டின் மீது போர் தொடுத்த வழக்குகளுக்கும் மட்டும் இருக்கட்டும் என்றது. முக்கால் கிணறு தாண்டிய அறிக்கை. மிச்சம் இருக்கும் கால் கிணற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆள் மாறி விழுவது அங்கேதான்.

பேரறிவாளனை 1991 ஜூனில் பிடித்துக்கொண்டு போனபோது அவருக்கு வயது 19. ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்று வழக்கு. கடையில் யாருக்கும் கிடைக்கிற சரக்கு. எதற்கென்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் அவர் உயிரே இருந்தது. மற்றக் கொலை வழக்குகளில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது; அன்றிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி. ஒருவர் எழுதினாலே போதுமாக இருந்தது. 1999 மே 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இது தடா குற்றமே இல்லை என்றது. ஆனால் தடாவில் எழுதிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்! தூக்கு உறுதியானது.

வாக்குமூலத்தை எழுதிய சிபிஐ அதிகாரி தியாகராஜன் 2013இல் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒரே ஒரு வரி. அதற்குள் 22 வருஷம் ஓடியிருந்தது. நடுவில் 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்கு நாளும் குறித்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மட்டும் தடை போடாமல் இருந்திருந்தால், அந்த ஒரு வரியை அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, சரி. நான் கேட்பது அதையல்ல. விடுபட்ட வரியோடு ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோக முடிந்ததே, அதைத்தான்.

இது ஒன்றுதான் என்றும் இல்லை. குஜராத் அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில், தடாவைப் போன்ற பொடா சட்டத்தில் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து மூன்று பேருக்குத் தூக்கு. 2014 மே 16, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த அதே நாளில், அந்த மூவர் உட்பட ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அன்றைக்கு டிவியில் யார் அதைப் பார்த்தார்கள்?

ஊரே கொதிக்கும் வழக்கில்தான் போலீசுக்கு அவசரம், அதே வழக்குக்குத்தான் தடா, பொடா போன்ற சட்டங்களும் சலுகை தந்தன. அங்கே போய்த் தூக்கை விட்டுவைத்திருக்கிறீர்கள். அடுத்த அறிக்கையில் அந்த விலக்கை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்