நம் பூனை நிஷா விஷயமாக உன்னிடம் மறைத்தது

அம்முவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் "நிஷா ஏம்மா இப்படி எலும்பும் தோலுமா இருக்கா" என்று கேட்டாய். வெயிலுக்கு முடி கொட்டுது, அதான் அப்படித் தெரியுது என்று சொல்லிவிட்டு போனை அப்பா பக்கம் திருப்பிவிட்டேன். அது பொய். மூன்று மாசமாக இப்படி ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ரத்தம் எடுக்க முன்னங்காலில் முடியை வழித்திருந்தார்கள், அது உன் கண்ணில் படக்கூடாது என்று முந்தானையில் சுற்றித் தூக்கிக் காட்டினேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அப்பா இரண்டு பேரையும் திட்டுவார். அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

அவளுக்குக் கிட்னி போய்விட்டது. பிப்ரவரியில் பாத்ரூம் பக்கெட் விளிம்பில் ஏறி நின்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். மணல் தட்டு காலையிலும் சாயங்காலமும் சொதசொதவென்று கிடந்தது. வெயில் ஆரம்பிக்குது, தாகம் என்று நான்தான் விட்டுவிட்டேன். மூன்றில் இரண்டு பங்கு கெட்டுப்போகிற வரைக்கும் பூனை வெளியே காட்டிக்கொள்ளாதாம். மார்ச்சில் இரண்டு நாள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அன்றைக்குத்தான் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு, கிரியாட்டினின், 4.1. 1.6-க்குள் இருக்க வேண்டியது. எடை 4.2 கிலோவிலிருந்து 2.9-க்கு வந்திருந்தது. உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒரு கிலோ முந்நூறு கிராம் பூனையை அவள் நம் கண் முன்னாலேயே தொலைத்திருக்கிறாள்.

முதலில் போன இடத்தில் அட்மிட் பண்ணச் சொன்னார்கள். பெயர் வேண்டாம். இரண்டு ராத்திரி நாய்க் கூண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், ஒரு வாய் சாப்பிடவில்லை, தன் மூத்திரத்திலேயே நனைந்து வந்தாள். அந்த வாசனை எனக்கு இன்னும் போகவில்லை. அப்புறம் அப்பா வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆடு, கிளி, லாப்ரடார் எல்லாவற்றுடனும் வரிசையில் உட்கார்ந்துதான் பார்க்க முடிந்தது, ஆனால் அங்கே இருந்த டாக்டர் பொண்ணு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள்: இது குணமாகாது ஆன்ட்டி, வீட்டிலேயே வைத்துச் சமாளிக்கலாம், ஊசி போட நீங்களே கத்துக்கோங்க.

முப்பது வருஷம் தையல் ஊசியோடு பிழைத்தவள்தான் நான், ஆனால் அந்த ஊசி வேறு. ஆர்.எல். என்கிற டிரிப்ஸ் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்சநேரம் வைத்து, கைக்கு வெதுவெதுப்பாக வந்ததும், தைத்த ஜாக்கெட்டெல்லாம் தொங்குகிற கொக்கியில் மாட்டுவேன். தோள்பட்டைக்கு நடுவில் தோலை ஜாக்கெட்டுக்கு டக் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் தூக்கினால் கூடாரம் மாதிரி நிற்கும், அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும், சதைக்குள் போகக்கூடாது. முதல் நாள் கை நடுங்கி ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது, பாதி மருந்து என் புடவையில். நிஷா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள் பார், கஸ்டமர் கை அளவு இறுக்கமாக வந்த ஜாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி. இப்போது பழகிவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மில்லி. தோலுக்கடியில் எலுமிச்சை அளவுக்கு உப்பிக்கொண்டு நிற்கும், ராத்திரிக்குள் அது மெதுவாக முன்னங்கால் பக்கம் இறங்கி வற்றிவிடும். ஊசி போட்ட மறுநாள் அவள் நடையே வேறு, வாலைத் தூக்கிக்கொண்டு போவாள்.

சாப்பாடுதான் தினமும் சண்டை. கிட்னிக்கென்று விற்கிற தீனியை நீ அனுப்பிய பணத்தில்தான் வாங்கினேன் (எதுக்கு என்று நீ கேட்டபோது ரேஷன் கார்டு வேலை என்று சொன்னேன், அதுவும் பொய்). அதை மோந்து பார்த்துவிட்டு, மலத்தை மூடுவது மாதிரி தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டினாள். டாக்டரைக் கேட்டால், எதையாவது சாப்பிடட்டும், பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும், அது இன்னும் ஆபத்து என்றாள். அதனால் வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி, சூடு ஆறுவதற்குள் வைத்தால் வாசனைக்கு வருவாள். கருவாடு மட்டும் அடியோடு நிறுத்தியாச்சு. அப்பா நெத்திலி வறுக்கும்போது சமையலறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவள் போடுகிற சத்தத்துக்கு, அவரே இப்போது நெத்திலி வாங்குவதில்லை.

இதற்கு நடுவில் மாடி வீட்டு அக்கா நல்ல மனசோடு அரை பாராசிட்டமால் கொண்டுவந்து நீட்டினாள், குழந்தைக்குக் கொடுக்கிறதுதானே என்று. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நல்லவேளை, டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் உன்னிடம் சொல்ல எனக்கு வாயே வராத விஷயம். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் காலையில் அவள் கதவு நிலையில் போய் முட்டினாள். தூக்கிப் பார்த்தால் கண்ணின் நடுக் கறுப்பு கோட்டுப் பட்டன் அளவுக்கு விரிந்திருந்தது, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. கிட்னி கெட்டால் ரத்த அழுத்தம் ஏறுமாம். ஏறி, கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற திரை கழன்றுவிட்டது. பார்வை இல்லை, திரும்பி வரவும் இல்லை. அதற்கு எழுதிக் கொடுத்தது அப்பா பி.பி.க்குச் சாப்பிடுகிற அதே அம்லோடிபின்தான், அவருக்கு 5 மில்லிகிராம், அவளுக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. காலை எட்டு மணிக்கு அப்பா பிளேடால் நறுக்கி, கோழித் துண்டில் பொதிந்து அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தன்னுடையதைப் போட்டுக்கொள்கிறார். முன்பெல்லாம் அவர் மாத்திரையை மறந்துவிடுவார், நினைவிருக்கிறதா? இப்போது ஒருநாள்கூடத் தவறவில்லை.

"கஷ்டப்படுறாளாம்மா?" என்று கேட்பாய். அங்கே உன் தோழி அவள் பூனையை ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்ததைப் பற்றி நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை, பாவம் புண்ணியம் என்று உன்னோடு மல்லுக்கு நிற்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. நான் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெஷின் சத்தம் கேட்டால் வந்து வெட்டுத்துணிக் கூடையில் படுக்கிறாளா, தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறாளா, தாடைக்கடியில் சொறிந்தால் சுகமாகக் குர்ர்ரென்கிறாளா. இன்றைக்குத் தேதியில் மூன்றும் உண்டு. இதில் இரண்டு நின்றுபோனால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்வேன், அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். ஆனால் கூண்டில் மட்டும் இன்னொரு ராத்திரி அவளை விடமாட்டேன், அதில் நீ சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

நவம்பர் 2008 நிஷா புயலில் ஏழாம் வகுப்பு யூனிஃபார்ம் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாயே, அன்றைக்கு மழை நின்றதும் வெளியே விட்டுவிட வேண்டும் என்று சொன்னவள் நான்தான். மிக்ஜாம் வெள்ளத்தில் கரண்ட் இல்லாத அத்தனை நேரமும் பரண்மேல் அவளோடு உட்கார்ந்திருந்தவளும் நான்தான், என்ன செய்வது.

உன் டிக்கெட் டிசம்பருக்கு என்று தெரியும். அதுவரைக்கும் இருப்பாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை, லீவு கிடைப்பதைப் பொறுத்து நீயே யோசி. பணம் அனுப்பாதே, இருக்கிறது. ஞாயிறு காலில் அவளை கேமராவைப் பார்க்க வைக்கச் சொல்லாதே, ஆனால் ஸ்பீக்கரில் பேசு, உன் குரல் வந்தால் இடது காது மட்டும் திரும்புகிறது.

அப்புறம் ஒன்று. எப்போது வந்தாலும் உன் பெட்டியை வழக்கம்போல ஹால் நடுவில் போட்டுவிடாதே. கூடையிலிருந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு அவள் சுவரை ஒட்டி மீசையால் தடவிக்கொண்டேதான் போகிறாள். அந்த வழியில் ஒரு முக்காலி இருந்தாலும் நின்றுவிடுகிறாள். நான் மெஷினைக்கூட ஒரு இஞ்சு நகர்த்தவில்லை. பெட்டியை நேராக உள் ரூமுக்குக் கொண்டுபோய்விடு.

அம்மா