சிறுவர் வினாடி வினா மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, எப்போதும் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளும் இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை இப்பேரவையின் முன் வைக்கிறேன். கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. கேள்விகளுக்குப் போகிறேன். இந்த ஆண்டின் ரகளை எல்லாம் அங்கேதான்.

“உலகின் மிக உயரமான மலை எது?” என்ற கேள்வியில் ஆரம்பித்தது. கேள்வியை முடிப்பதற்குள் ‘எவரெஸ்ட்’ என்று பல குரல்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி மட்டும், “எங்கிருந்து அளந்தால்?” என்று கேட்டாள். அன்று மீதிக் கேள்விகளை மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று. கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான். நேபாளமும் சீனாவும் சேர்ந்து 2020-இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாய்த் தீவின் மௌனா கியா முந்திவிடும். அது கடலுக்கு மேலே தெரிவது 4,200 மீட்டர் சொச்சம்தான். கடலடியில் இருக்கும் அடிவாரத்தையும் சேர்த்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ வெற்றி ஈக்வடார் நாட்டின் சிம்பராசோவுக்கு. பூமி முழு உருண்டை இல்லை, நிலநடுக்கோட்டுப் பகுதியில் புடைத்திருக்கிறது. சிம்பராசோ அந்தப் புடைப்பின் மேல் நிற்பதால், அதன் உச்சி எவரெஸ்டின் உச்சியைவிடச் சுமார் 2 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு செயற்குழு ஒரு விதி கொண்டுவந்தது: எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாத கேள்வி செல்லாது. இந்த ஆண்டில் நாம் செய்த உருப்படியான வேலை இதுதான் என்பது என் கருத்து.

விதி வந்த பின்பும் வெள்ளிக் கோள் நம்மை விடவில்லை. “எந்தக் கோளில் ஒரு நாள் ஓராண்டைவிட நீளமானது?” வெள்ளி என்பது அட்டையில் இருந்த விடை. அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள் ஆகும், சூரியனைச் சுற்றிவர 225 நாட்களே போதும். சரி, முடிந்தது என்று நினைத்தால், ஒரு பையன் விடவில்லை. “நாள் என்றால் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரைதானே?” என்றான். அப்படிப் பார்த்தால் வெள்ளியின் ஒரு நாள் சுமார் 117 பூமி நாட்கள். அதன் ஓராண்டில் கிட்டத்தட்ட இரண்டு நாட்கள் அடங்கிவிடும். காரணம், பெரும்பாலான கோள்கள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் வெள்ளி சுழல்கிறது; அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். இரு அணிகளுக்கும் மதிப்பெண் கொடுத்தோம். பலகையில் எழுதியவருக்குத்தான் தலைவலி.

அடுத்து, பழைய வினா அட்டைகளைச் சலித்தெடுத்தோம். சில அட்டைகளில் இன்னும் ஒன்பது கோள்கள் இருந்தன. 1930-இல் கிளைட் டோம்பா கண்டுபிடித்த புளூட்டோவை, 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் குறுங்கோள் வகையில் சேர்த்துவிட்டது. அதற்குப் ‘புளூட்டோ’ என்ற பெயரைச் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வெனிஷியா பர்னி. அப்போது அவருக்கு வயது 11. இதைக் கேட்டதும் முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொரு வேடிக்கை: புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 248 ஆண்டுகள் ஆகும். கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து அது இன்னும் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. அதிக நிலவுகள் கொண்ட கோள் வியாழன் என்ற அட்டையையும் கழித்தோம். 2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டதும் சனியின் கணக்கு 274 ஆகிவிட்டது. இனி ஒவ்வொரு அட்டையின் பின்புறமும், சரிபார்த்த ஆண்டைப் பென்சிலில் குறிக்க வேண்டும். பேனா வேண்டாம்.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், காளைக்குச் சிவப்பு நிறத்தைக் கண்டால் கோபம் வரும், தங்கமீனுக்கு மூன்று நொடிதான் நினைவிருக்கும் போன்றவை குப்பைக் கூடைக்குப் போயின. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எதுவும் உண்மையில்லை. 1896-இல் பிரிட்டனுக்கும் சான்சிபாருக்கும் நடந்த போர் எத்தனை நிமிடம் என்ற அட்டையை மட்டும் திருத்தி வைத்துக்கொண்டோம். 38 நிமிடம் என்பார்கள், 45 என்பார்கள். எனவே இனி கேள்வி, “ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோன போர் எது?”

வேகச் சுற்றைக் குறைத்துவிட்டு ‘ஏன் சுற்று’ தொடங்கியதில் சில பெற்றோருக்கு வருத்தம் உண்டு. விறுவிறுப்பு போய்விட்டது என்கிறார்கள். நான் உடன்படவில்லை. ஆக்டோபசுக்கு எத்தனை இதயம் என்று கேட்டால் ‘மூன்று’ என்பதோடு கதை முடிந்துவிடும். ஏன் என்று கேட்டபோதுதான் இரண்டு இதயங்கள் செவுள்களுக்கும் ஒன்று உடலின் மற்ற பகுதிகளுக்கும் ரத்தம் செலுத்துவது வெளியே வந்தது. நம் ரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் ரத்தத்தில் தாமிரம் செய்வதால்தான் அது நீல நிறம். நீந்தும்போது உடலுக்கான இதயம் நின்றுவிடும். சீக்கிரம் களைத்துப் போவதால் ஆக்டோபஸ் பெரும்பாலும் ஊர்ந்தே போகிறது.

அப்புறம், ஆஸ்திரேலியாவின் வாம்பட் கனசதுர வடிவில் சாணம் போடுவது ஏன் என்ற கேள்வி. சிரித்து ஓய்ந்த பிறகே விடைக்கு வர முடிந்தது. அதன் குடல்சுவர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நெகிழ்வதில்லை. சில பகுதி விறைப்பாகவும் சில பகுதி தளர்வாகவும் இருப்பதால், குடலின் கடைசிப் பகுதியில் சாணத்துக்கு மூலைகள் உருவாகின்றன. இதை ஆராய்ந்தவர்களுக்கு 2019-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. நம் மன்றத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பரிசு.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, அட்டைகளை ஆண்டுதோறும் சரிபார்க்க இளைய உறுப்பினர்கள் மூவரைக் கொண்ட குழு அமைப்பது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். இரண்டு, ‘ஏன் சுற்று’ தொடர வேண்டுமா என்பதை வாக்கெடுப்புக்கு விடுவது. பெற்றோருக்கும் வாக்கு உண்டு.

இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்