பதினேழு ஸ்வரமும் ஒரு ஜாருவும்

நியூயார்க்,
18.02.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு உங்கள் நலத்தையும் அம்மாவின் நலத்தையும் அறிய ஆவல். கண் எரிச்சலைக் கவனிக்காமல் இருக்கிறேன் என்று அம்மா கடிந்துகொண்டதால், சென்ற செவ்வாய்க்கிழமை 42ஆம் தெருவிலுள்ள கண் பரிசோதனைக் கல்லூரிக்குப் போய்ப் புதுக் கண்ணாடிக்கு எழுதி வாங்கி வந்தேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி அங்கே காத்திருந்த முதியவர் ஒருவர் சொன்ன செய்தியை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏயோலியன் ஹால் என்ற கச்சேரி மண்டபம் இருந்திருக்கிறது. நடனத்துக்கு வாசிக்கும் குழுவொன்றை வைத்திருந்த பால் வைட்மன், ஜாஸ் இசையையும் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்று காட்டுவதற்காக, 1924 பிப்ரவரி 12ஆம் தேதி பிற்பகலில் அங்கே ஒரு கச்சேரி நடத்தினார். இருபதுக்கும் மேற்பட்ட உருப்படிகளைக் கேட்டுச் சபை சோர்ந்திருந்த வேளையில், கடைசிக்கு முந்திய உருப்படியாக ‘ராப்சடி இன் புளூ’ தொடங்கியது. அதை இயற்றிப் பியானோவிலும் அமர்ந்தவர் ஜார்ஜ் கெர்ஷ்வின், வயது 25. பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டுவிட்டு, பாட்டுப் பிரதிகளை விற்கும் கடையில் வாங்க வருவோருக்கு வாசித்துக் காட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு நாடகப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் பெயர் பெற்றவர்.

அந்த உருப்படியைத் தொடங்கி வைத்தது உங்கள் வாத்தியமான கிளாரினெட்தான். கெர்ஷ்வின் தாளில் எழுதியது இரு ஸ்வரங்களுக்கிடையே வேகமான ஒரு அசைவும், அதைத் தொடர்ந்து மேலே ஏறும் 17 தனித்தனி ஸ்வரங்களும் மட்டுமே. ஒத்திகையின்போது கிளாரினெட் வாசித்த ராஸ் கோர்மன், வேடிக்கைக்காக அந்த ஸ்வரங்களைப் பிரித்து வாசிக்காமல் ஒரே இழுப்பாக மேலே கொண்டுபோனார். கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போக, கச்சேரியிலும் அழுவதுபோல அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டார். விரல்களைத் துளைகளிலிருந்து ஒரேயடியாக எடுக்காமல் மெல்ல உருட்டி விலக்கிக்கொண்டே, உதட்டுப் பிடியையும் தளர்த்திச் செய்கிற வேலை இது. நீங்கள் தோடி ராகத்தில், ஸ்வரத்தை வழுக்கிக்கொண்டு மேலேற்றும் ஏற்ற ஜாரு கொடுக்கும்போது உங்கள் வலக்கை விரல்களைச் சிறுவயதில் நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன் அல்லவா, அதனால் முதியவர் கையை அசைத்துக் காட்டிய உடனே எனக்கு விளங்கிவிட்டது. அவர்தான் சற்று வியந்துபோனார்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும். ஏறக்குறைய ஐந்து வாரங்களில் எழுதி முடித்த அவசரத்தில், தனியாகப் பியானோ வாசிக்க வேண்டிய சில இடங்களைக் கெர்ஷ்வின் எழுதவே இல்லை. அவர் தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற குறிப்பைப் பார்த்துத்தான் வைட்மன் குழுவை மறுபடி வாசிக்க வைத்திருக்கிறார். தனி ஆவர்த்தனம் முடியும் இடத்தை மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளும் உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. தாளில் எழுதியதைத் தாண்டாத சங்கீதத்துக்குள் இது நுழைந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் முதியவர் இதை மகிழ்ச்சியோடு மட்டும் சொல்லவில்லை. அவர் கறுப்பினத்தவர். அங்கிருந்து நூறு தெரு வடக்கே, ஹார்லெமில், 142ஆம் தெரு முனையில் இருந்த காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியில் 1927 டிசம்பர் முதல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு வாசித்தது. மேடையில் கறுப்பர்கள், நாற்காலிகளில் வெள்ளையர்கள் என்பதே அங்கு வழக்கம். அதே ஹார்லெமின் பியானோ மேதை ஜேம்ஸ் பி. ஜான்சனும் தம் மக்களின் இசையை வைத்து ‘யமெக்ரா’ என்ற ராப்சடியை, அதாவது கட்டற்ற போக்கில் செல்லும் நீண்ட உருப்படியை, எழுதினார். 1928 ஏப்ரலில் அது கார்னெகி ஹாலில் அரங்கேறிய இரவில், பிராட்வே நாடகமொன்றுக்கு வாத்தியக் குழுவை அவர் நடத்திக்கொண்டிருந்ததால், அவருடைய சீடர் ஃபேட்ஸ் வாலர்தான் பியானோவில் அமர்ந்தார். தன் உருப்படியின் அரங்கேற்றத்துக்குத் தானே போக முடியாமல் ஜான்சன் கூலிக்குக் குழுவை நடத்திக்கொண்டிருந்த அந்த இரவைப் பற்றி முதியவர் இரண்டு முறை சொன்னார். முகூர்த்தம் வைத்த வீட்டில் மாட்டிக்கொண்டு உங்கள் குருநாதரின் நினைவுக் கச்சேரிக்குப் போக முடியாமல் திரும்பி வந்து, அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டீர்களே, அது எனக்கு நினைவுக்கு வந்தது.

1924 ஜூனில் கெர்ஷ்வினும் வைட்மன் குழுவும் பதிவு செய்த இசைத்தட்டு கிடைக்கிறது. அதிலும் கோர்மனின் கிளாரினெட்தான். தட்டின் இரு பக்கங்களுக்குள் அடங்க வேண்டுமென்று ஒன்பது நிமிடமாகச் சுருக்கியிருக்கிறார்கள். தம்பியின் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறேன். அவசரப்படாமல், காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். இரைச்சல் இருக்கும். முதல் பத்து விநாடியைக் கேட்டுவிட்டு, அந்த இழுப்பு எந்த ஸ்வரத்தில் விரலை விட்டு உதட்டுக்குப் போகிறது என்று எழுதுங்கள். எனக்குப் பிடிபடவில்லை.

கிளாரினெட்டின் ஊதுவாய்க்கு நீங்கள் கேட்ட ரீட் இரண்டு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரையில் வரும்போது கொண்டுவருகிறேன்.

உங்கள் அன்பு மகன்