காற்றைச் சொல்லாத காற்று விளையாட்டுத் தளங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் சாகச விளையாட்டுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பலகையின் மீது நின்று, பாயைக் கையில் பிடித்து, காற்றின் விசையால் நீர்ப்பரப்பில் விரையும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டை அக்கட்டுரை நன்றாகவே அறிமுகப்படுத்தியது. ஆனால் கட்டணம், பயிற்சிக் காலம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ‘மேலும் விவரங்களுக்கு இணையதளங்களைப் பார்க்கவும்’ என்று முடித்துவிட்டது. அந்தக் கடைசி வரியை நம்பி இரண்டு வாரம் இணையதளங்களைப் பார்த்தேன். அதன் விளைவே இக்கடிதம்.

நான் பென்னாகரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கடலைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவு முழுவதும் பேருந்தில் உட்கார வேண்டும். சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தி இவ்விளையாட்டைக் கற்க விரும்புகிறாள் என்பதாலும், ‘எது நல்ல இடம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், அப்பா’ என்று என் மகன் அந்தப் பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டதாலும், பயிற்சி மையங்கள், பலகை விற்கும் நிறுவனங்கள், விளையாட்டுச் சங்கங்கள், காற்று முன்னறிவிப்புத் தளங்கள் என இருபத்திரண்டு தளங்களைக் கைபேசியிலேயே படித்துக் குறிப்பெடுத்தேன். கடலற்ற மாவட்டத்துக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று எவரேனும் கேட்கலாம். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இபாத் அலி விண்ட்சர்ஃபிங்கில் வெண்கலம் வென்றார். அதே போட்டியில் பாய்மரப் படகுப் பிரிவில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், போபாலில் உள்ள தேசிய பாய்மரப் பள்ளியில் பயின்றவர். போபாலில் இருப்பது ஏரி, கடல் இல்லை.

தளங்களை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அது தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்திலேயே கிடைத்தது. ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, பரிசல் இயக்கத் தடை’ என்று மழைக்காலத்தில் நீங்கள் வெளியிடும் செய்தியைத்தான் சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கூட அந்த வரியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை அருவிக்கு அழைத்துப் போவதா, தீர்த்தமலைக்கு அழைத்துப் போவதா என்று முடிவு செய்துவிடுவார். அதில் எண் இருக்கிறது, எண்ணுக்கு அலகு இருக்கிறது, பிலிகுண்டுலுவில் அளந்தது என்று இடம் இருக்கிறது. அந்த எண்ணால் படிப்பவருக்கு என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. விண்ட்சர்ஃபிங் தளத்தைத் திறப்பவருக்கும் முதலில் வேண்டியது இதுதான். இன்று அந்தக் கரையில் காற்று எப்படி, என்னைப் போன்ற புதியவர் இறங்கலாமா? நான் பார்த்தவற்றுள் மூன்றே மூன்று தளங்கள்தாம் இக்கேள்விக்கு முதல் திரையில் பதில் தந்தன.

மற்றவை என்ன தந்தன? திறந்த உடனே தானாக ஓடும் காணொளி. மாலையில் மேகம் சூழ்ந்தால் கைபேசிக் கோபுரமே தூங்கிவிடும் எங்கள் ஊரில், அந்தக் காணொளி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர ஓடாது; அது ஓடும் வரை கீழே உள்ள எழுத்தும் வராது. ஒரு தளத்தில் இவ்விளையாட்டின் வரலாறு மிக விரிவாக இருந்தது. 1964-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி பாய் பொருத்திய பலகையை உருவாக்கியது, 1968-ல் கலிபோர்னியாவில் ஹாயில் ஸ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் எப்பக்கமும் சாயக்கூடிய மூட்டுடன் பாய்மரத்தைப் பலகையில் பொருத்திக் காப்புரிமை கோரியது, 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு நுழைந்தது என எல்லாவற்றையும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அதே தளத்தில் பயிற்சிக் கட்டணத்தைக் கண்டுபிடிக்க ஏழு இடங்களைத் தொட்டு உள்ளே போய், கடைசியில் ‘உங்கள் எண்ணைத் தாருங்கள், நாங்கள் அழைக்கிறோம்’ என்ற படிவத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். விலை எழுதாத கடைக்குள் நுழையத் தயங்குபவர்கள் நாம். இணையத்தில் மட்டும் அந்தத் தயக்கம் இருக்காது என்று எப்படி நினைக்கிறார்களோ தெரியவில்லை.

இவையெல்லாம் எரிச்சலோடு போகக்கூடிய குறைகள். எரிச்சலோடு போகாத ஒன்று உண்டு. ஒரு பயிற்சி மையத்தின் தளத்தில், முகப்பின் வலது மூலையில், ‘காற்று: 15’ என்று அழகான வட்டத்துக்குள் போட்டிருந்தது. பதினைந்து என்ன? மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் அது புதியவர் கற்றுக்கொள்ள ஏற்ற மென்காற்று. கடலோடிகள் பயன்படுத்தும் நாட் என்ற அலகில் பதினைந்து என்றால், ஒரு நாட் 1.852 கிலோமீட்டர் என்ற கணக்கில், மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். ஓரளவு பழகியவருக்கு அது கொண்டாட்டம், முதல் நாள் மாணவருக்குத் திண்டாட்டம். விநாடிக்குப் பதினைந்து மீட்டர் என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வானிலை மையம் எச்சரிக்கும் காற்று அது. மூன்று அலகுகளுமே இவ்விளையாட்டுத் தளங்களில் புழங்குகின்றன. பாயின் மீது காற்று செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் கணக்கிட்டுச் சொல்கிறேன்: அந்த வட்டத்துக்குள் இருந்த பதினைந்துக்கு நாம் கொள்ளக்கூடிய மிகச் சிறிய பொருளுக்கும் மிகப் பெரிய பொருளுக்கும் இடையே பாயின் மீதான விசை சுமார் பதின்மூன்று மடங்கு வேறுபடும். தேர்வில் அலகு எழுதாத விடைக்கு நான் அரை மதிப்பெண் குறைப்பேன். இங்கே குறைக்க மதிப்பெண் இல்லை, கடலில் ஒரு பிள்ளை இருக்கிறது.

திசையும் அப்படியே. காற்றுக்கு நாம் அது புறப்பட்டு வரும் திசையால் பெயரிடுகிறோம். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தளங்களோ அம்புக்குறி போடுகின்றன. சிலவற்றில் அம்பின் கூர்முனை காற்று போகும் பக்கம் இருக்கிறது, சிலவற்றில் வரும் பக்கம் இருக்கிறது, எது எது என்ற விளக்கம் எங்கும் இல்லை. நம் கிழக்குக் கரையில் இது சின்ன விஷயமாகாது. மேற்கிலிருந்து வரும் ஆடி மாதத்து மேல்காற்று அங்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோர நீர் அலையடங்கி, வா என்று அழைப்பதுபோல் இருக்கும். திரும்பி வரத் தெரியாத புதியவரை அந்தக் காற்று உள்ளே கொண்டுபோய்விடும். அம்பை நேர்மாறாகப் படிக்கும் ஒருவர், கடலுக்குள் தள்ளும் காற்றைக் கரைக்குக் கொண்டுவரும் காற்று என்று நம்பி இறங்கக்கூடும்.

என் கண்ணும் வயதும்தான் காரணமோ என்று எனக்கே ஐயம் வந்தது. இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார். அதன்படி அக்கம்பக்கத்தில் ஐந்து பேரை உட்காரவைத்து, கைபேசியைக் கொடுத்து, ‘நாளைக் காலையில் இங்கே புதியவர் இறங்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். (வாத்தியாருக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது.) ஓசூரில் ஆலை ஒன்றில் பணிபுரியும் என் தம்பி மகனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது, ஆபத்தான காற்றைச் சிவப்பாலும் பாதுகாப்பான காற்றைப் பச்சையாலும் மட்டுமே காட்டிய படத்தில் அவனுக்கு இரண்டும் ஒரே பழுப்பாகத் தெரிந்தன. நிறத்தை மட்டுமே நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பதும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பதும், உலகளாவிய வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2008-லேயே வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளவை. வெண்மணல் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் பாதுகாப்பு விதிகளை எழுதியிருந்த தளத்தை வீட்டுத் திண்ணையிலேயே படிக்க முடியவில்லை. உச்சி வெயிலில், ஈரக் கையோடு, கரையில் நின்று அதைப் படிக்கப்போகிறவரை வடிவமைத்தவர் ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐவரில் ஒருவர் என்னிடம் படித்த மாணவர். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். ஆங்கிலத் தளத்தைக் கைபேசியே தமிழாக்கித் தந்த பக்கத்தை அவரிடம் கொடுத்திருந்தேன். சிறிது நேரம் படித்துவிட்டு, “சார், துடுப்பு நாற்பத்தாறு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு. இத்தனூண்டு துடுப்பை வெச்சுக்கிட்டு ஆத்தையே தாண்ட முடியாதே, கடல்ல என்ன பண்றாங்க?” என்று கேட்டார். பலகையின் அடியில் மீனின் செதில்துடுப்புப் போலப் பொருத்தப்படும் சிறு தகடு அது. பலகை பக்கவாட்டில் வழுக்காமல் நேராகச் செல்ல உதவுவது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அதே பக்கத்தில் பலகை ‘வாரியம்’ ஆகியிருந்தது, இடுப்பில் கட்டும் பட்டை குதிரைக்குரிய ‘சேணம்’ ஆகியிருந்தது. ‘தொடக்கநிலை வாரியம் 180 லிட்டர்’ என்ற வரியைக் கண்டு இது ஏதோ குடிநீர் வாரியம் போலும் என்று நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்த பின் அந்த லிட்டரை அவருக்கு விளக்கினேன். 180 லிட்டர் கன அளவுள்ள பலகை, முழுவதும் அமிழ்ந்தால் 180 லிட்டர் நீரை விலக்கும். ஆகவே தன் எடையும் பாயின் எடையும் ஆளின் எடையும் சேர்ந்து சுமார் 180 கிலோ வரை தாங்கும். புதியவருக்குப் பெரிய பலகை கொடுப்பது அதனால்தான். பரிசல்காரர் உடனே, “அப்போ நம்ம பரிசல் எத்தனை லிட்டர் சார்?” என்றார். ஒரே வரியில் விளக்கினால் புரிந்துவிடும் செய்தி இது. அந்த வரியை எழுதிய தளம் ஒன்றைக்கூட நான் காணவில்லை.

நல்லனவற்றையும் சொல்ல வேண்டும். விண்டி என்ற காற்று முன்னறிவிப்புத் தளத்தில் வேக அளவுகோலைத் தொட்டால் அலகு மாறுகிறது. நாட் வேண்டுவோர் நாட் அலகிலும் கிலோமீட்டர் வேண்டுவோர் கிலோமீட்டரிலும் பார்க்கலாம். விண்ட்குரு தளத்தின் அட்டவணை முதல் பார்வைக்குப் பஞ்சாங்கம் போல மிரட்டினாலும், காற்றின் வேகம், திடீர் வீச்சு, திசை ஆகியவற்றை மணி வாரியாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. இரண்டு நாள் பழகினால் போதும், பஞ்சாங்கம் போலவே கைக்கு வந்துவிடும். இவற்றை விடவும் எனக்குப் பிடித்தது ஒரு சிறிய பயிற்சி மையத்தின் தளம். படமும் இல்லை, பகட்டும் இல்லை. பத்தாண்டுக்கு முன் செய்தது போன்ற தோற்றம். ஆனால் மேலேயே தேதியிட்டு, ‘இன்று பிற்பகல் காற்று அதிகம்; புதியவர்களுக்கு வகுப்பு இல்லை’ என்று எழுதி, கீழே கட்டணத்தையும் ஒரு கைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார்கள். வருமானம் போனாலும் போகட்டும் என்று வகுப்பு இல்லை என்பதை முகப்பில் எழுதுபவரிடம் பேத்தியை அனுப்பலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

தமிழ்நாட்டுக் கடற்கரைப் பயிற்சிக்குத் தளம் அமைப்போர், தமிழில் ஒரு பக்கமாவது ஆள் வைத்து எழுத வேண்டும். மீனவர் வாயில் இன்றும் உள்ள வாடை, கொண்டல், கச்சான் (மேல்காற்று) என்ற பெயர்களை அம்புக்குறியின் பக்கத்தில் போட்டால் எந்த அம்பும் குழப்பாது. காற்றின் வேகத்தை எந்த அலகில் தந்தாலும், வானிலை அறிக்கையால் நமக்குப் பழகிய கிலோமீட்டரையும் உடன் தர வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, ‘இணையதளங்களைப் பார்க்கவும்’ என்பதற்குப் பதிலாக, கட்டுரையாளர் தாமே பார்த்துப் பயனுள்ளவை எனக் கண்ட இரண்டு தளங்களின் பெயரையாவது அச்சிடுங்கள்.

வட்டத்துக்குள் 15 என்று போட்டிருந்த மையத்துக்கு, அது எந்த அலகு என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். ‘நாட் தான், ஐயா, இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று மறுநாளே மரியாதையாகப் பதில் எழுதினார்கள். இன்று காலை மீண்டும் பார்த்தேன். வட்டத்துக்குள் இப்போது 19 என்று இருக்கிறது. அலகு இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.